படம் கொஞ்சம் மங்கலாகட்டும், நிற்காமல் ஓடட்டும்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறீர்கள். வீட்டுக்குக் கேபிள் வழி இண்டர்நெட் இன்னும் வரவில்லை. மொபைல் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு அதோடு கம்ப்யூட்டரை இணைக்கிறீர்கள். யூ டியூப்பில் ஒரு வீடியோவைக் கிளிக் செய்கிறீர்கள். முதல் பத்து விநாடி கண்ணாடி மாதிரி தெளிவாக ஓடுகிறது. பிறகு நடுவில் ஒரு வட்டம் தோன்றிச் சுற்ற ஆரம்பிக்கிறது. சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. ராம் போதவில்லையோ என்று சந்தேகப்பட்டுக் கடைக்காரருக்குப் போன் செய்கிறீர்கள். அவரும், "இன்னொரு 8 ஜிபி போட்டுப் பார்க்கலாமே" என்கிறார்!

ராம் வாங்க ஓடாதீர்கள். உங்கள் கம்ப்யூட்டரில் கோளாறு இல்லை. பாதிக் காரணம் நெட்வொர்க். மீதிப் பாதி, அந்த வீடியோவை அனுப்பும் சாப்ட்வேரை எழுதியவர்கள் யாரை மனதில் வைத்து எழுதினார்கள் என்பது. நானும் சாப்ட்வேர் எழுதிச் சம்பளம் வாங்குபவன் என்பதால் இதைக் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன்.

எனக்கு வேலை திருவனந்தபுரத்தில். வார இறுதியில் குலசேகரத்துக்கு வந்துவிடுவேன். ஆபீஸில் பைபர் இணைப்பு. எந்த வீடியோவைத் தொட்டாலும் உடனே ஓடும். ஊரில் நிலைமை வேறு. குலசேகரம் சந்தையை ஒட்டி நின்றால் சிக்னல் நன்றாகவே இருக்கிறது. அங்கிருந்து பேச்சிப்பாறை ரோட்டில் போகப் போக ஒவ்வொரு கோடாகக் குறையும். குன்றுக்கு இந்தப் பக்கம் மூன்று கோடு, அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. ரப்பர் தோட்டங்களும் தங்கள் பங்குக்குத் தடுக்கின்றன. இலைகள் ரேடியோ அலைகளை உறிஞ்சும். மழையில் நனைந்த இலைகள் இன்னும் அதிகமாக உறிஞ்சும். இரண்டு பருவமழையும் பெய்யும் ஊரில் இலை காய்வதற்கு எங்கே நேரம்? போதாததற்கு டவருக்கும் கரண்ட் வேண்டும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது மரங்களோடு மின்கம்பங்களும் சாய்ந்து, இந்த மாவட்டத்தின் பல ஊர்கள் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தன. அது பெரிய சம்பவம். சாதாரண நாளிலேயே மாலை இடி மின்னல் என்றால் நெட்டும் நொண்டத் தொடங்கிவிடும்.

5ஜி வந்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். 2022 அக்டோபரில் இந்தியாவில் 5ஜி தொடங்கியது. டவருக்குப் பக்கத்தில் வேகம் அபாரம், சந்தேகமில்லை. ஆனால் அதற்குப் பெரிதும் பயன்படும் 3500 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை, மலையையும் மரத்தையும் தாண்டி வரும் விஷயத்தில் பழைய 900 மெகாஹெர்ட்ஸிடம் தோற்றுப்போகும். ஆகவே எங்கள் ஊர்ப் பக்கத்துக்குக் கொஞ்ச காலம் ஏற்ற இறக்கமான நெட்வொர்க்தான் என்று வைத்துக்கொண்டே பேசுவோம்.

சரி, வீடியோ எப்படி வந்து சேர்கிறது? இது தெரிந்தால் வட்டம் ஏன் சுற்றுகிறது என்பதும் புரிந்துவிடும்.

ஒரு மணி நேர வீடியோ ஒரே பைலாக வருவதில்லை. சில விநாடிகள் கொண்ட சிறு துண்டுகளாக வெட்டி வைத்திருப்பார்கள். ஒவ்வொரு துண்டும் 240பி, 360பி, 480பி, 720பி, 1080பி எனப் பல தரங்களில் தயாராக இருக்கும். ஆப்பிள் நிறுவனம் 2009ல் ஹெச்எல்எஸ் என்ற பெயரில் இந்த முறையைக் கொண்டுவந்தது. 2012ல் டேஷ் என்ற பொதுவான தரமுறையும் வெளியானது. உங்கள் பிரவுசரில் இருக்கும் பிளேயர், துண்டு துண்டாகக் கேட்டு வாங்கி, முன்கூட்டியே கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டு, சேர்த்ததிலிருந்து படத்தைக் காட்டுகிறது. அந்தச் சேமிப்புக்குப் பெயர்தான் பஃபர்.

நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். பேச்சிப்பாறையில் திறந்த தண்ணீர் கால்வாய் வழியாக வருகிறது. கால்வாயில் வரத்து ஒரு நாள் போல ஒரு நாள் இருக்காது. அதனால் ஊர்க் குளத்தில் நிரப்பிக்கொண்டு, மடை வழியாக வயலுக்கு விடுகிறோம். கால்வாய்தான் உங்கள் நெட். குளம்தான் பஃபர். மடை எவ்வளவு அகலமாகத் திறந்திருக்கிறது என்பதுதான் வீடியோவின் தரம். 1080பி என்றால் மடை அகலத் திறந்திருக்கிறது, குளம் சீக்கிரம் வற்றும். 360பி என்றால் மடை சிறிது, குளம் நெடுநேரம் தாங்கும். குளம் வற்றியதும் திரையில் தெரிவது என்ன? அந்த வட்டம்!

மடையை எவ்வளவு திறப்பது என்று தீர்மானிப்பதுதான் 'ஆட்டோ'. அதைத் தீர்மானிக்க இரண்டு வழி உண்டு. கால்வாயில் இந்த நிமிடம் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று பார்த்து மடையைத் திறப்பது ஒன்று. குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துத் திறப்பது இன்னொன்று. வரத்து நிச்சயமில்லாத ஊரில் எது புத்திசாலித்தனம் என்று எந்த விவசாயியைக் கேட்டாலும் சொல்லிவிடுவார். கம்ப்யூட்டர் உலகம் இதை ஆராய்ந்து சொல்ல 2014 ஆயிற்று. அந்த வருடம் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் நெட்பிளிக்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து, குளத்தைப் பார்க்கும் முறையைச் சோதித்து, வீடியோ நிற்பது குறைகிறது என்று காட்டினார்கள். 2016ல் 'போலா' என்ற இன்னொரு முறை வந்தது. அதுவும் குளத்தைப் பார்ப்பதுதான். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ரமேஷ் சீதாராமன், சென்னை ஐஐடியில் படித்து அமெரிக்காவில் பேராசிரியராக இருப்பவர்.

அதே சீதாராமனும், அகமாய் நிறுவனத்தைச் சேர்ந்த எஸ். சண்முக கிருஷ்ணனும் 2012ல் வெளியிட்ட ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடிக்கும். 2 கோடியே 30 லட்சம் தடவை வீடியோ பார்க்கப்பட்ட விவரங்களை எடுத்து அலசினார்கள். வீடியோ தொடங்க 2 விநாடிக்கு மேல் ஆனால் ஆட்கள் கிளம்பத் தொடங்குகிறார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு விநாடிக்கும் 5.8 சதவீதம் பேர் கூடுதலாக விட்டுப் போகிறார்கள். வீடியோவின் நீளத்தில் 1 சதவீத நேரம் நின்று நின்று ஓடினால், பார்க்கும் நேரம் 5 சதவீதம் குறைகிறது. இன்னொன்றும் சொன்னார்கள். பைபர் இணைப்பு உள்ளவர்களுக்குப் பொறுமை குறைவு, மொபைலில் பார்ப்பவர்களுக்குப் பொறுமை அதிகம். நம் பொறுமைக்குக் கிடைத்த சான்றிதழ் என்று மகிழ்வதா, இந்தப் பொறுமையைப் பார்த்துத்தான் நம்மைக் கடைசியில் கவனிக்கிறார்களா என்று கேட்பதா? நான் இரண்டாவது கட்சி.

காரணம் சொல்கிறேன். கொஞ்சம் பழைய ஆட்களுக்கு ஒரு வித்தை ஞாபகம் இருக்கும். யூ டியூப்பில் வீடியோவைத் திறந்து, பாஸ் செய்துவிட்டு, டீ குடிக்கப் போய்விடுவோம். திரும்பி வரும்போது கீழே சாம்பல் நிறக் கோடு கடைசி வரை ஓடி நிற்கும். அப்புறம் நெட் போனாலும் கவலை இல்லை, படம் ஓடும். குளத்தை முழுக்க நிரப்பி விட்டு மடை திறக்கும் முறை அது. 2013 வாக்கில் துண்டுத் துண்டாக அனுப்பும் முறைக்கு யூ டியூப் மாறியபோது இந்த வித்தை போய்விட்டது. இப்போது எவ்வளவு நேரம் பாஸ் செய்தாலும் கொஞ்சம் முன்னால் வரைதான் சேர்த்து வைக்கும். கம்பெனிகள் சொல்லும் காரணத்தில் நியாயம் உண்டு. பாதி பேர் வீடியோவை நடுவிலேயே மூடிவிடுகிறார்கள். முழுவதையும் அனுப்பினால் அவர்கள் செர்வரின் டேட்டாவும் வீண், உங்கள் டேட்டாவும் வீண். சரி. ஆனால் முழுவதையும் பார்க்கப் போகிறேன் என்று எனக்கே தெரியுமே! என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? டயல் அப் மோடம் காலத்து ரியல் பிளேயர்கூட "உங்கள் இணைப்பின் வேகம் என்ன?" என்று செட்டிங்ஸில் கேட்டது.

இதைத் தமாஷாக எழுதுகிறேனே தவிர, விஷயம் தமாஷ் அல்ல. எங்கள் வீட்டிலிருந்து மேலே, தோட்டத்துப் பக்கம் ஒரு குடும்பம். அம்மா ரப்பர் பால் வெட்டப் போகிறவர். மகள் நர்சிங் முடித்துவிட்டு, வெளிநாட்டு வேலைக்கான தேர்வுக்குப் படிக்கிறாள். அவள் பணம் கட்டிச் சேர்ந்திருக்கும் வகுப்பு முழுக்க வீடியோதான். கையில் பழைய லேப்டாப், போன் ஹாட்ஸ்பாட், ஒரு நாளைக்கு 1.5 ஜிபி பேக். ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அண்ணா, படம் நல்லாத்தான் தெரியுது. ஆனா ஓட மாட்டேங்குது" என்றாள். இதைவிடச் சுருக்கமாக எந்த இன்ஜினியரும் இந்தப் பிரச்னையைச் சொல்லிவிட முடியாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நெட்பிளிக்ஸ் தரும் கணக்குப்படி குறைந்த தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 0.3 ஜிபி வரை, நடுத்தரத்தில் 0.7 ஜிபி வரை, ஹெச்டி என்றால் 3 ஜிபி வரை செலவாகும். மற்ற வீடியோக்களும் ஏறக்குறைய இந்த அளவில்தான் இருக்கும். ஹெச்டியில் பார்த்தால் அவளுடைய 1.5 ஜிபி அரை மணி நேரத்தில் தீர்ந்துபோகும். அதற்குப் பிறகு இது போன்ற பேக்குகளில் வேகம் 64 கேபிபிஎஸ் அளவுக்கு இறங்கிவிடும். அதில் குரல் வரலாம், படம் வராது. பாடத்தின் பாதியில் வகுப்பு முடிந்தது! இத்தனைக்கும் வீடியோவில் இருப்பது என்ன? ஓர் ஆசிரியர் பேசுகிறார், பின்னால் எழுத்துகள். குரலை மட்டும் 64 கேபிபிஎஸ் தரத்தில் அனுப்பினால் ஒரு மணி நேரத்துக்கு சுமார் 29 எம்பி போதும். எழுத்துகள் அசைவதில்லை. மாறாத படத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பாமல், மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் அறிவு இன்றைய வீடியோ பார்மட்டுகளுக்கு உண்டு. கிரிக்கெட்டுக்கு வைத்த அதே அளவைக் கரும்பலகைக்கும் வைத்து வீடியோ தயாரிப்பவர்களை என்னவென்று சொல்ல? நெட்பிளிக்ஸ் 2015லேயே ஒவ்வொரு படத்துக்கும் அதன் தன்மைக்கு ஏற்ப டேட்டா அளவை மாற்றத் தொடங்கிவிட்டது. கார்ட்டூனுக்குக் குறைவு, சண்டைப் படத்துக்கு அதிகம். சினிமாவுக்குச் செய்ய முடிந்ததைப் பாடத்துக்குச் செய்யக் கூடாதா?

ஹாட்ஸ்பாட்டில் இன்னொரு வம்பும் இருக்கிறது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். போனில் பார்க்கும்போது, "இது மொபைல் டேட்டா" என்று ஆப்புக்குத் தெரியும். கொஞ்சம் அடக்கி வாசிக்கும். அதே போனின் ஹாட்ஸ்பாட்டில் கம்ப்யூட்டரை இணைத்தால், கம்ப்யூட்டருக்குத் தெரிவது வைபை மட்டும்தான். தாராளமாகச் செலவழிக்கத் தொடங்கும். திரையும் பெரிது, அதனால் ஆட்டோ இன்னும் உயர்ந்த தரத்தைத் தேடிப் போகும். பின்னணியில் விண்டோஸ் அப்டேட் வேறு இறங்கிக்கொண்டிருக்கும். ஆக மொத்தம் போனில் நன்றாக ஓடிய வீடியோ, புத்தம் புதுக் கம்ப்யூட்டரில் திணறும். பழி கம்ப்யூட்டர் மேல்.

அந்தப் பெண்ணின் லேப்டாப்பில் செய்தவை மிகச் சாதாரணம். விண்டோஸ் செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இண்டர்நெட் பகுதிக்குப் போய், அந்த வைபையின் ப்ராபர்ட்டீஸைத் திறந்து, மீட்டர்டு கனெக்‌ஷன் என்பதை ஆன் செய்தோம். பெரும்பாலான அப்டேட்டுகள் தானாக இறங்குவது நின்றது. யூ டியூப்பில் பார்க்கும் பாடங்களுக்கு, வீடியோவுக்குக் கீழே உள்ள பல்சக்கரத்தைக் கிளிக் செய்து குவாலிட்டியில் 480பி வைத்தோம். எழுத்து அதிகமில்லாத பாடத்துக்கு 360பி. போனை மடியில் வைத்துக்கொள்ளாமல், சிக்னல் கிடைக்கும் ஜன்னலில் வைத்துவிட்டு லேப்டாப்போடு உள்ளே உட்காரச் சொன்னேன். ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸில் 2.4 கிகாஹெர்ட்ஸ் தேர்ந்தெடுத்தால் சுவர் தாண்டி நன்றாக வரும். நேரத்தையும் மாற்றினாள். மாலை 7 மணிக்கு மேல் ஊரே ஒரே டவரில் தொங்கும்போது போட்டி போடாமல், அம்மா விடியும் முன் பால் வெட்டக் கிளம்பும்போதே எழுந்து படிக்கிறாள். அந்த நேரத்தில் டவர் காலியாகக் கிடக்கும்.

ஆனால் அவள் பணம் கட்டிய வகுப்பின் ஆப் மட்டும் (பெயர் வேண்டாம்) கடைசி வரை ஒத்துழைக்கவில்லை. அதில் தரத்தைக் குறைக்கும் வசதி இல்லை. டவுன்லோடும் இல்லை. எல்லாம் ஆட்டோ. திருட்டுப் பயம் என்பார்கள். டவுன்லோட் செய்த பைலை அந்த ஆப்பில் மட்டும் திறக்கும்படி பூட்டி வைக்கும் வசதி வந்து எத்தனையோ வருடம் ஆகிறது. சினிமாக் கம்பெனிகளே அந்தப் பூட்டை நம்பிப் படங்களை டவுன்லோட் செய்ய விடுகின்றன.

செய்ய முடியாத காரியமும் அல்ல. கூகுள் 2016 செப்டம்பரில் டில்லியில் யூ டியூப் கோ என்ற ஆப்பை அறிவித்தது. நம்மைப் போன்ற நெட்வொர்க்குக்காகவே செய்தது. வீடியோவைத் தொட்டதும் ஓடாது. எந்தத் தரம் வேண்டும், அதற்கு எத்தனை எம்பி ஆகும் என்று காட்டிவிட்டு, இப்போதே பார்க்கிறீர்களா, சேமித்துக்கொள்கிறீர்களா என்று கேட்கும். சேமித்ததைப் பக்கத்தில் இருக்கும் நண்பருக்கு டேட்டா செலவில்லாமல் அனுப்பலாம். ஹோட்டலில் விலைப் பட்டியலைப் பார்த்து ஆர்டர் கொடுப்பது போல! 2022 ஆகஸ்டில் அதை மூடிவிட்டார்கள். மெதுவான நெட்டிலும் ஓடும்படி முதன்மை ஆப்பையே மேம்படுத்திவிட்டோம் என்றது கூகுள். ஓடுகிறது, மறுக்கவில்லை. ஆனால் ஓடுவதற்கு முன் எத்தனை எம்பி என்று சொல்லும் பழக்கம் போய்விட்டதே! கம்ப்யூட்டரில் யூ டியூப் பார்ப்பவர்கள் நிலை இன்னும் மோசம். டவுன்லோட் வசதி அங்கே மாதச் சந்தா கட்டும் ப்ரீமியம்காரர்களுக்கு மட்டும்தான்.

குறைந்த தரம் என்றால் மக்கள் கோபித்துக்கொள்வார்கள் என்பது கம்பெனிகளின் இன்னொரு பயம். 2020 மார்ச் 24 அன்று, ஊரடங்கு தொடங்கும் நேரத்தில், நெட்பிளிக்ஸ், ஹாட்ஸ்டார், கூகுள், அமேசான் உள்ளிட்ட நிறுவனங்கள் கூடிப் பேசி, ஏப்ரல் 14 வரை மொபைல் நெட்வொர்க்கில் 480பிக்கு மேல் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தன. நாடு முழுக்க வீட்டில் உட்கார்ந்து வீடியோ பார்த்த நாட்கள் அவை. 480பி என்பதற்காக யாராவது போனைத் தூக்கி எறிந்தார்களா? அதே 2020ல் தமிழக அரசு, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களின் இலவச லேப்டாப்களில் வீடியோ பாடங்களைப் பள்ளியிலேயே ஏற்றிக் கொடுத்தது. கல்வி டிவியிலும் பாடம் ஒளிபரப்பானது. டவர் இல்லாத வீட்டுக்கும் பாடம் போய்ச் சேர வேண்டும் என்று யோசித்தால் வழி கிடைக்கிறது.

ஆகவே வீடியோ ஆப் எழுதும் என் சக இன்ஜினியர்களிடம் நான் கேட்பது புது ஆராய்ச்சி எதுவும் அல்ல. பிளே பட்டனுக்குப் பக்கத்தில் 'முழுவதையும் நிரப்பிவிட்டு ஓட்டு' என்று ஒரு பட்டன். ஒவ்வொரு தரத்துக்கும் எதிரே எத்தனை எம்பி என்று ஓர் எண். சிக்னல் விழுந்தால் படத்தை நிறுத்தினாலும் குரலை நிறுத்தாத ஓர் ஏற்பாடு. சோதிக்கும்போது ஆபீஸ் வைபையில் மட்டும் சோதிக்காமல், ஒரு தடவை பஸ் ஏறி மலையடிவார ஊர் ஒன்றுக்கு வந்துவிட்டுப் போங்கள். திற்பரப்பு அருவியில் குளித்தது போலவும் இருக்கும்.

வாசகர்களுக்கும் ஒன்று. படிப்புக்காகக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தால், டவுன்லோட் செய்ய விடும் இடங்களை முதலில் தேடுங்கள். ஐஐடிகளும் பெங்களூர் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் வெப்சைட்டில் இன்ஜினியரிங், அறிவியல் பாட வீடியோக்கள் இலவசம். பலவற்றை எம்பி4 பைலாகவே இறக்கிக்கொள்ளலாம். நல்ல நெட் இருக்கும் நண்பர் வீட்டிலோ பிரவுசிங் சென்டரிலோ உட்கார்ந்து ஒரு பாடத்தின் எல்லா வீடியோக்களையும் 32 ஜிபி பென் டிரைவில் காப்பி செய்துகொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு 300 எம்பி என்று வைத்தாலும் நூறு மணி நேரப் பாடம் அதில் அடங்கும்.